பல ஆண்டுகள் நின்றுபோன பிரீமியர் பத்மினியை வீட்டிலேயே மீட்டெடுத்தல்: முழுமையான வழிகாட்டி

தோப்பு வீட்டின் சாய்ப்பிலோ, நகரத்து வீட்டின் மதிலோரத்திலோ, டயர்கள் தரையோடு தட்டையாகிப் படுத்திருக்க, மேலே வேப்பஞ்சருகு மூடிக் கிடக்கும் பழைய பியட் கார் ஒன்றை நம்மில் பலர் பார்த்திருப்போம். மும்பை குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் 1964இல் பியட் 1100 டிலைட் என்ற பெயரில் தயாரிக்கத் தொடங்கிய இந்த வண்டி, 1970களில் பிரீமியர் பிரெசிடென்ட் என்றும் பிறகு பிரீமியர் பத்மினி என்றும் பெயர் மாறியது; ஆனால் தமிழ்நாட்டில் அது கடைசிவரை பியட்தான். 1089 சி.சி. கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின், கார்புரேட்டர், ஸ்டியரிங் தண்டிலேயே பொருத்திய கியர் கம்பி, நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் என்று எல்லாமே கண்ணுக்குத் தெரிவதும் கைக்கு எட்டுவதுமாக இருப்பதால், பொறுமையுள்ள ஒருவர் வீட்டு முற்றத்திலேயே உயிர்ப்பிக்கத் தக்க கார்களில் இது முதன்மையானது.

பல ஆண்டுகள் நின்ற வண்டிக்கு அந்த ஆண்டுகள் செய்யும் கேட்டைவிட, அதை ஸ்டார்ட் செய்து பார்க்கும் முதல் பத்து நிமிடம் செய்யும் கேடு பெரும்பாலும் அதிகம். என் தாய்மாமாவின் பியட் பதினோரு ஆண்டுகள் நின்றிருந்தது. அது வீட்டுக்கு வந்த அன்று மாலையே ஆவல் தாங்காமல் புது பேட்டரியை மாட்டினேன். டேஷ்போர்டுக்குப் பின்னால் எலி கடித்து வைத்திருந்த ஒயர்கள் ஒன்றோடொன்று உரசிப் புகைந்து, நான் டெர்மினலைப் பிடுங்குவதற்குள் பாதி ஒயரிங் உருகிவிட்டது. கீழே சொல்லப்படும் வேலைகளின் வரிசை அந்த மாலைக்குப் பிறகு அமைந்தது. வேலைகளில் சிலவற்றை நீங்கள் வெளியே கொடுத்துச் செய்யலாம், வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம்.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்

ஆவணங்களைப் பார்ப்பதே முதல் வேலை. தனியார் காரின் பதிவு, பதிவு செய்த நாளிலிருந்து பதினைந்து ஆண்டுகள் செல்லும். அதன் பிறகு படிவம் 25 கொடுத்து, வண்டியை ஆய்வுக்குக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. 2022 ஏப்ரல் முதல் புதுப்பிப்புக் கட்டணம் பல மடங்கு உயர்ந்துள்ளதோடு, காலம் தவறியதற்கான தண்டமும் மாதக் கணக்கில் ஏறுகிறது. ஆகவே எத்தனை ஆண்டுகள் விடுபட்டுள்ளன என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்து அறிந்த பிறகே வண்டிக்கு விலை பேச வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்தவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்பதை வயர் பிரஷ்ஷால் துருவை நீக்கி நீங்களே படித்துப் பாருங்கள். பழைய கடன் பதிவு நீக்கப்படாமல் இருந்தால் படிவம் 35 தேவைப்படும். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுகளின் ஒப்புதல் தேவைப்படும். இவை தீராத வண்டியில் போடும் உழைப்பு முற்றத்தை விட்டு வெளியே போகாது.

முதல் பதிவுக்குப் பின் ஐம்பது ஆண்டு கடந்த வண்டியைத் தொன்மை வாகனமாகப் பதிவு செய்துகொள்ள 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. டிலைட் வண்டிகள் பலவும் இப்போதே அந்த வயதை எட்டிவிட்டன. முதல் பத்மினிகள் எட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பதிவு பெற்ற வண்டியை அன்றாட ஓட்டத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது என்பதையும், பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பதையும் இப்போதே மனத்தில் வையுங்கள். கழற்றிய பழைய பாகம் எதையும் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

வண்டியை எங்கே, எப்படி நிறுத்துவது

நின்ற வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவருவது நம் ஊர் வழக்கமானாலும், பிரேக் பிடிக்குமா என்று தெரியாத வண்டிக்கு அது ஆகாது. ஏற்றிவரும் லாரியே பாதுகாப்பு. சிமென்ட் தரையும் கூரையும் உள்ள இடத்தில், இரு பக்கக் கதவுகளும் முழுதாகத் திறக்கும்படி நிறுத்துங்கள். காருக்கு அடியில் போகும் ஒவ்வொரு முறையும் இரும்பு ஸ்டாண்டுகள் தாங்கியிருக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பியோ, செங்கல் அடுக்கியோ உள்ளே நுழையக் கூடாது. செங்கல் எச்சரிக்கை கொடுக்காமல் நொறுங்கும்.

கிராமத்துக் கொட்டகையிலிருந்து வந்த வண்டியானால், சீட்டுக்கு அடியிலும் டிக்கியிலும் கையை விடுவதற்கு முன் கம்பால் தட்டிப் பாருங்கள். எலி இருந்த இடத்துக்குப் பாம்பு வந்திருக்கும். பிறகு ஏர் கிளீனரைத் திறந்து உள்ளே எலிக்கூடு இருந்தால் அகற்றுங்கள். அந்தப் பஞ்சும் நாரும் கார்புரேட்டருக்குள் போனால் அதன் பிறகான வேலைகள் எல்லாம் குழம்பும். பேட்டரியைக் கழற்றி வெளியே வையுங்கள். ஒவ்வொரு பகுதியையும் கழற்றுவதற்கு முன் மூன்று கோணங்களில் படம் எடுத்து, கழற்றிய நட்டு போல்ட்டுகளைத் தனித்தனிப் பைகளில் பெயர் எழுதிப் போட்டு வைப்பது சலிப்பான வேலைதான். ஆறு மாதம் கழித்துத்தான் அதன் அருமை தெரியும்.

துரு எவ்வளவு ஆழம்

பத்மினிக்குத் தனிச் சேசிஸ் சட்டம் கிடையாது. தரைத் தகடும், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி விளிம்புகளும், தூண்களும் சேர்ந்தே வண்டியின் எலும்பாக அமைகின்றன. அதனால் தரையில் உள்ள ஓட்டையை வெறும் ஓட்டையாகக் கருத முடியாது. மிதியடிகளையும் அதற்குக் கீழுள்ள தாரையும் உரித்துவிட்டு, ஒரு பழைய ஸ்குரூ டிரைவரால் தகட்டைக் குத்திக்கொண்டே போங்கள். ஒலி கணீரென்றால் நல்லது; மந்தமாக ஒலித்தாலும் நுனி உள்ளே போனாலும் அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். ஜாக்கி வைக்கும் இடங்கள், முன் சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்கள், பின் பட்டை ஸ்பிரிங்கின் இரு முனைகளும் மாட்டப்படும் இடங்கள், டிக்கியின் அடித்தகடு, கதவுகளின் அடிவிளிம்பு ஆகியவை கட்டாயம் பார்க்க வேண்டியவை.

கதவும் மட்கார்டும் துருப்பிடித்திருந்தால் அது செலவு. சஸ்பென்ஷன் மாட்டும் இடங்கள் மக்கியிருந்தால் அது வேறு வகை முடிவு. அந்த நிலையில் உள்ள வண்டியைப் பாகங்களுக்காக வைத்துக்கொண்டு வேறொரு வண்டியைத் தேடுவதே நல்லது என்பது என் கருத்து. பெயின்ட் பளபளப்பாக இருந்து, காந்தம் ஒட்டாத இடங்கள் நிறைய இருந்தால், முன்பு யாரோ தகட்டுக்குப் பதில் பட்டியை (பள்ளம் நிரப்பும் பூச்சை) அப்பியிருக்கிறார் என்று பொருள்.

எஞ்சின் சுழல்கிறதா

முதலில் எஞ்சின் ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பாருங்கள். ஆயில் பாலும் காபியும் கலந்தது போல் இருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. அளவு வழக்கத்துக்கு மேலே ஏறியிருந்து, பெட்ரோல் வாசனையும் வீசினால், எஞ்சினோடு இணைந்த பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் (உள்ளே அசையும் ரப்பர் சவ்வு) கிழிந்து பெட்ரோல் ஆயில் தொட்டிக்குள் ஒழுகியிருக்கலாம். அந்த ஆயிலோடு எஞ்சினைச் சுழற்றுவது பேரிங்குகளுக்கு நஞ்சு.

அடுத்து, நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றுங்கள். கழற்றுவதற்கு முன் பிளக் குழிகளில் உள்ள மண்ணை ஊதி அகற்ற வேண்டும், இல்லையென்றால் அது நேராகச் சிலிண்டருக்குள் விழும். பத்மினியின் சிலிண்டர் ஹெட் அலுமினியத்தால் ஆனது. பிளக் இறுகியிருந்தால் வலுவைக் கூட்டாமல், துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓரிரவு காத்திருந்து, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைத்து எடுக்க வேண்டும். மரை உரிந்துவிட்டால் ஹெட்டைக் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோக நேரும்.

பிளக் துளைகள் வழியே ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு மேசைக்கரண்டி அளவு எண்ணெய் விடுங்கள். எஞ்சின் ஆயிலும் டீசலும் பாதிக்குப் பாதி கலந்தது போதும். ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் இன்னும் நன்றாக ஊடுருவும். இரண்டு நாள் அப்படியே விட்டுவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லியின் நட்டில் நீண்ட ஸ்பேனர் போட்டுக் கையால் சுழற்றிப் பாருங்கள். மெல்ல நகர்ந்தால் ஒரு முழுச் சுற்றுக்கு வரும்வரை அவசரப்படாமல் சுற்றுங்கள். நகரவில்லையென்றால் மீண்டும் எண்ணெய் விட்டு ஒரு வாரம் காத்திருங்கள். நான் எடுத்த வண்டி ஒன்பதாம் நாள்தான் அசைந்தது. இறுகிய எஞ்சினை ஸ்டார்ட்டர் மோட்டாரால் உலுக்குவதும், கியரில் போட்டுத் தள்ளுவதும் பிஸ்டன் ரிங்குகளை உடைக்கும் வழிகள். இரண்டு வாரத்துக்குப் பிறகும் அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும்.

எஞ்சின் தாராளமாகச் சுழன்றால், பழைய ஆயிலை இறக்கி, ஃபில்டரை மாற்றி, 20டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-50 ஆயிலை ஊற்றுங்கள். எஞ்சினின் மேலுள்ள டேப்பட் மூடியைத் திறந்து, வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர்களின் மீதும் வால்வுத் தண்டுகளின் மீதும் ஆயிலைத் தாராளமாகச் சொட்டவிட்டு, யாரேனும் கையால் எஞ்சினைச் சுழற்ற, எட்டு வால்வுகளும் இறங்கி ஏறுகின்றனவா என்று பாருங்கள். நின்ற எஞ்சின்களில் ஏதாவது ஒரு வால்வு திறந்தபடியே ஒட்டிக்கொள்வது உண்டு. இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-3-4-2. ஆகவே நான்காம் சிலிண்டரின் இரு வால்வுகளும் ஒன்று மூடியும் மற்றது திறந்தும் ஆடும் கணத்தில் முதல் சிலிண்டரின் டேப்பட் இடைவெளியை (ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை) சரிசெய்யலாம். மூன்றாவது ஆடும்போது இரண்டாவதை, இப்படியே மறுதலையாகவும். இடைவெளி அளவை உங்கள் வண்டியின் கையேட்டிலிருந்து மட்டும் எடுங்கள்.

நல்ல பேட்டரியை ஜம்பர் ஒயர் மூலம் ஸ்டார்ட்டருக்கு மட்டும் கொடுத்து, பிளக் இல்லாமலே பத்துப் பத்து விநாடியாகச் சுழற்றினால் ஆயில் மேலேறி ராக்கர்களை நனைக்கும். அதன் பிறகே கம்ப்ரஷன் சோதனை, அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று அளவி வைத்துப் பார்ப்பது. அளவியில் வரும் எண் எவ்வளவு என்பதைவிட நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கின்றனவா என்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் குறைந்தால், அதில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள்: ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் ஹெட்டுக்கும் எஞ்சின் உடலுக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

பெட்ரோல் வரும் வழி

பழைய பெட்ரோல் நாளடைவில் பிசினாகி, வார்னிஷ் போன்ற நாற்றத்தோடு டேங்கின் அடியிலும் கார்புரேட்டரின் நுண்துளைகளான ஜெட்டுகளிலும் படிந்திருக்கும். டேங்கைக் கழற்றி, முழுதாக வடித்து, சோப்புத் தண்ணீரால் பலமுறை அலசி, வெயிலில் நாள் கணக்கில் காயவைத்து, உள்ளே விளக்கடித்துப் பாருங்கள். ஓட்டையான டேங்கை நீங்கள் வெல்டிங் செய்யவே கூடாது. காலி டேங்கில் தங்கும் ஆவி, நிறைந்த டேங்கைவிடக் கொடியது. ரேடியேட்டர் வேலை செய்யும் அனுபவசாலிகளிடம் அதைக் கொடுத்துவிடுங்கள்.

இப்போது பம்புகளில் கிடைக்கும் பெட்ரோலில் இருபது விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. இந்த வண்டி வடிவமைக்கப்பட்ட காலத்து ரப்பர் ஹோஸ்களும் டயாஃப்ரங்களும் அதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. நாளடைவில் இளகும் அல்லது விரிசல் விடும். அதோடு எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். எனவே டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரையுள்ள எல்லா ஹோஸ்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றி, பெட்ரோல் பம்புக்குப் புது டயாஃப்ரம் போட்டு, நடுவில் கண்ணுக்குத் தெரியும் ஃபில்டர் ஒன்றை வையுங்கள்.

கார்புரேட்டரைக் கழற்றும்போது ஜெட்டுகளைக் கம்பியால் குத்தாதீர்கள். பித்தளைத் துளை நூலளவு பெரிதானாலும் கலவை கெட்டுவிடும். கிளீனர் தெளித்து ஊறவைத்துக் காற்றழுத்தத்தால் ஊதுவதே முறை. மிதவையைக் காதருகில் ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் குலுங்கினால் அது மிதக்காது. நீடில் வால்வையும் கேஸ்கட்டுகளையும் மாற்றிவிடுங்கள். உதிரிகளுக்குச் சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளும் புதுப்பேட்டையும் இன்றும் கைகொடுக்கின்றன. பழைய பாகத்தைக் கையிலேயே கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள், பெயர் சொல்லி வாங்கினால் இரண்டு முறை அலைய நேரும்.

ஒயரிங், ஸ்பார்க், தண்ணீர்

பேட்டரியை நிரந்தரமாக மாட்டுவதற்கு முன் ஒயரிங் முழுவதையும் கண்ணாலும் விரலாலும் தொடர்ந்து பாருங்கள். மேலுறை வெடித்தவை, எலி கடித்தவை, செல்லோ டேப் சுற்றியவை அனைத்தையும் மாற்றுங்கள். பேட்டரியிலிருந்து பாடிக்கும் எஞ்சினுக்கும் போகும் எர்த் பட்டைகளைச் சுரண்டி இறுக்குவதாலேயே பாதிக் கோளாறுகள் தீரும். முதன்முறை இணைக்கும்போது, பேட்டரிக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு ஹெட்லைட் பல்பைத் தொடரிணைப்பாக மாட்டுங்கள். எல்லா சுவிட்சும் அணைந்திருக்க பல்பு பிரகாசமாக எரிந்தால் எங்கோ ஷார்ட் உள்ளது. ஒயர் உருகாது, பல்பு மட்டும் எரியும். இந்த ஒரு பல்பு அந்த மாலையில் என்னிடம் இருந்திருக்கலாம்.

பிளக்குகளுக்கு முறைவைத்து மின்சாரம் அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரில் சிபி பாயின்ட், கண்டென்சர், ரோட்டர், மூடி ஆகியவை விலை குறைந்தவை. நான்கையும் புதிதாகவே போட்டு, பாயின்ட் இடைவெளியைச் சுமார் 0.4 மி.மீ. அளவுக்கும் பிளக் இடைவெளியைச் சுமார் 0.6 மி.மீ. அளவுக்கும் வையுங்கள். பிளக்கை எஞ்சின் உடலில் சாய்த்துச் சுழற்றினால் நீலநிறத்தில் பளிச்சென்ற பொறி வர வேண்டும். மஞ்சளாக மெலிந்தால், பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் காயிலைச் சோதியுங்கள்.

குளிர்விப்பு முறையில் நம் ஊரின் பெரிய பகை போர் தண்ணீர்தான். ஆண்டுக்கணக்கில் ஊற்றிய உப்புநீர் ரேடியேட்டர் குழாய்களில் சுண்ணாம்பாகப் படிந்து, அலுமினிய ஹெட்டையும் அரித்திருக்கும். இருவழியிலும் குழாய்நீர் பாய்ச்சித் தெளிவாக வரும்வரை அலசி, ஹோஸ்களையும் ஃபேன் பெல்ட்டையும் மாற்றி, தண்ணீர் பம்பின் தண்டை அசைத்து ஆட்டமிருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் சூடாகாது என்று பல மெக்கானிக்குகள் சொல்வார்கள். அது அடைத்த ரேடியேட்டரை மறைக்கும் வேலை. தண்ணீருக்குப் பதில் அலுமினியத்துக்கு ஏற்ற கூலன்ட் ஊற்றுங்கள்.

முதல் ஸ்டார்ட்

பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். மெக்கானிக் கடைகளில் பானெட்டிலிருந்து பெட்ரோல் பாட்டிலைத் தொங்கவிட்டு ஓட்டிப் பார்ப்பார்கள். சூடான எஞ்சினுக்கு மேலே பெட்ரோலைத் தொங்கவிடுவதை நான் ஏற்கவில்லை. மூடியுள்ள சிறு கேனைத் தரையில் தள்ளி வைத்து, அதிலிருந்து பம்புக்கு ஹோஸ் கொடுத்தால் பம்பும் சோதனைக்கு உள்ளாகும். சோக்கை இழுத்துச் சுழற்றுங்கள். பற்றியதும் ஆக்சிலரேட்டரை முடுக்காதீர்கள். ஆயில் விளக்கு ஐந்தாறு விநாடிக்குள் அணையாவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள்.

முதல் சில நிமிடம் வெண்புகையும் நீலப்புகையும் கலந்து வரும். சிலிண்டரில் நீங்கள் விட்ட எண்ணெய்தான் எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் நீலம் நீடித்தால் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கிறது. இனிப்பு வாசனையோடு வெண்மை நீடித்தால் கூலன்ட் உள்ளே போகிறது. கருமை என்றால் பெட்ரோல் மிகுதி, கார்புரேட்டரில் வேலை பாக்கி. இருபது நிமிடம் ஓடவிட்டு, ஒழுக்கு எங்கெங்கே என்று காகிதம் விரித்துப் பாருங்கள். எஞ்சினைச் சற்றே முடுக்கும்போது பேட்டரி முனைகளில் 14 வோல்ட் அளவில் வந்தால் சார்ஜிங் சரி.

இந்த நிலையில் தெருமுனை வரை ஒரு சுற்றுப் போய்வரத் தோன்றும். கூடாது.

பிரேக்

நின்ற வண்டியில் முழுதாகக் கெட்டுப்போகும் பகுதி பிரேக்தான். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது. அந்த ஈரம் மாஸ்டர் சிலிண்டரையும் வீல் சிலிண்டர்களையும் உள்ளிருந்து அரித்து, பிஸ்டன்களை இறுக்கிவிடும். நான்கு டிரம்களையும் கழற்றுங்கள். ஷூ டிரம்மோடு ஒட்டியிருந்தால் அட்ஜஸ்டரைத் தளர்த்தி, மரச்சுத்தியலால் சுற்றிலும் தட்டி எடுங்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். தூசியைக் காற்றடித்து ஊதாமல், ஈரத்துணியால் துடைத்து உறையில் கட்டிப் போட வேண்டும்.

வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை நெம்பிப் பார்த்தால் உள்ளே ஈரம் தெரியும், ஈரமென்றால் ஒழுகுகிறது. உட்சுவரில் குழிகள் இருந்தால் புதிதாக மாற்றுங்கள், கிட் மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்க வேண்டாம். சக்கரங்களுக்குப் போகும் ரப்பர் ஹோஸ்கள் வெளியில் நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி, ஆயிலைப் போகவிட்டுத் திரும்பவிடாது; மிதியை விட்ட பிறகும் பிரேக் பிடித்தபடியே இருப்பதற்கு இது ஒரு காரணம். அவற்றை மாற்றுவதோடு, அடியில் ஓடும் இரும்புக் குழாய்களில் துருக்கொப்புளம் உள்ளவற்றையும் மாற்றுங்கள். பிரேக் பாகங்களைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவினால் ரப்பர் ஊதிப்போகும்; சுத்தமான பிரேக் ஆயிலே போதும்.

ஏர் எடுப்பதற்கு, அதாவது பிரேக் குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்றுவதற்கு, இருவர் வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள பின்சக்கரத்தில் தொடங்கி, அருகிலுள்ள முன்சக்கரத்தில் முடியுங்கள். ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து, குழாய் வழியே குமிழியோடு ஆயில் வெளிவந்ததும் மூடிய பிறகே மிதியை விட வேண்டும். நடுவே தொட்டியில் ஆயில் தீர்ந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. வேலை முடிந்ததும் மிதியை முழுவலுவோடு ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கால் மெல்ல இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது.

டயர், அடிப்பகுதி, டிங்கரிங்

டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பட்டன் (தரையில் படும் மேடுகள்) தேயாமல் இருந்தாலும் பத்து ஆண்டு கடந்த டயரை ஓட்டத்துக்கு நம்பாதீர்கள். கியர் பாக்ஸ் ஆயிலையும் பின் அச்சு ஆயிலையும் மாற்றுங்கள். புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸ், ஸ்டியரிங் மூட்டுகள், சஸ்பென்ஷன் புஷ்கள் ஆகியவற்றில் ஆட்டம் பார்த்து, கிரீஸ் நிப்பிள்கள் அனைத்திலும் பழைய கிரீஸ் பிதுங்கி வெளிவரும்வரை அடியுங்கள்.

டிங்கரிங்கும் பெயின்ட்டும் கடைசி. தரைத் தகட்டு வெல்டிங்கை மட்டும், பேட்டரியையும் டேங்கையும் கழற்றி வைத்துவிட்டு, கதவுகளை மூடி இடைவெளிகள் மாறாமல் பார்த்துக்கொண்டு, ஓட்டத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். முதலில் பெயின்ட் அடித்துவிட்டு பிறகு எஞ்சினை இறக்கியவர்களின் மட்கார்டுகளைப் பார்த்தால் காரணம் புரியும்.

முதல் ஓட்டம்

முற்றத்திலேயே முன்னும் பின்னுமாக நகர்த்தி, பிரேக் நான்கு சக்கரத்திலும் சமமாகப் பிடிக்கிறதா, ஹேண்ட் பிரேக் சரிவில் நிறுத்துகிறதா என்று உறுதி செய்யுங்கள். பதிவும் காப்பீடும் முடிந்த பிறகு, அதிகாலையில், ஆளில்லாத சாலையில், வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் ஓட்டிவிட்டுத் திரும்பி, நான்கு டிரம்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தச் சக்கரத்தின் பிரேக் விடவில்லை. தூரத்தைப் பத்து, இருபத்தைந்து, ஐம்பது என்று கூட்டிக்கொண்டே போங்கள். டேங்கில் மிஞ்சிய துகள்கள் முதல் சில வாரங்களில் ஃபில்டரை அடைக்கும் என்பதால் மாற்று ஃபில்டர் ஒன்றும், ஒரு சிபி பாயின்ட்டும், கண்டென்சரும், ஃபேன் பெல்ட்டும் டிக்கியில் இருக்கட்டும். 500 கிலோமீட்டரில் எஞ்சின் ஆயிலை மறுபடி இறக்கி, டேப்பட் இடைவெளியை மறுபடி பார்த்து, வடித்த ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். உலோகப் பொடி மின்னாவிட்டால் அடுத்த ஆயில் மாற்றத்தை வழக்கமான இடைவெளியில் வைத்துக்கொள்ளலாம்.